பழைய டர்போ காரில் பிரேக் பூஸ்டர் செக் வால்வை வாயால் ஊதிப் பார்த்தால் போதுமா?

போதாது. பிரேக் மிதியை லேசாக்கித் தருவது பூஸ்டர்; அதிலிருந்து இன்ஜின் பக்கம் மட்டும் காற்றைப் போகவிட்டு, திரும்பி வரவிடாத ஒருவழி வால்வுதான் செக் வால்வு. உங்களுடையது பழைய ஆக்டேவியா 1.8 டர்போ பெட்ரோல். வேகமெடுத்து ஒரு லாரியை முந்தியதும் முதல் மிதிக்கு மட்டும் பிரேக் கட்டையாகிறது, அடுத்த மிதி சரியாகிவிடுகிறது என்கிறீர்கள். பூஸ்டரை மாற்றும் முன் வால்வை ஒழுங்காகச் சோதித்துவிடுங்கள். இந்த அறிகுறிக்கு என் முதல் சந்தேகம் அதன் மேல்தான்.

டர்போ இல்லாத பெட்ரோல் காரில் முழு ஆக்சிலேட்டர் கொடுத்தால் மேனிஃபோல்டில் (இன்ஜினுக்குள் காற்று போகும் குழாய்; பூஸ்டர் ஹோஸ் இதில்தான் சேர்கிறது) வேக்கம், அதாவது உறிஞ்சும் வெற்றிடம், குறையும், அவ்வளவுதான். டர்போவில் அதே இடத்தில் அரை பார் அளவுக்கு அழுத்தம் ஏறும். மறுபுறம் பூஸ்டருக்குள் அரை பாருக்கு மேல் வேக்கம். இரண்டும் சேர்ந்து ஒரு பாருக்கு மேல் தள்ளுகிறது. அதைத் தாங்கி நிற்பது உள்ளேயிருக்கும் சின்ன ரப்பர் மடல் ஒன்றுதான். மூச்சைப் பிடித்து ஊதினாலும் நம்மால் 0.1 பார் கொடுக்க முடிந்தாலே பெரிது. எண்ணெய் ஆவியில் ஊறித் தளர்ந்த ரப்பர் அந்த ஊதலுக்கு மூடிக்கொள்ளும், பூஸ்ட், அதாவது டர்போ ஏற்றும் அழுத்தம், வந்தால் விட்டுக்கொடுக்கும்.

முதலில் காரிலேயே பாருங்கள். ஒரு நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு இன்ஜினை அணையுங்கள். ஐந்து நிமிடம் கழித்து மிதித்தால் இரண்டு மூன்று மிதியாவது மென்மையாக இறங்க வேண்டும். முதல் மிதியே கட்டை என்றால் வால்வு, ஹோஸ், பூஸ்டர் வாயில் உள்ள ரப்பர் வளையம், பூஸ்டர் என எங்கோ கசிவு.

மென்மையாக இறங்கினாலும் வால்வைக் கழற்றுங்கள். சில கார்களில் அது ஹோஸோடு சேர்ந்தே வரும். அதன் இன்ஜின் பக்கத்தில் ஒரு துண்டு ஹோஸ் மாட்டி, பழைய ட்யூப்லெஸ் டயர் வால்வு ஒன்றைச் சொருகி, இரு முனைக்கும் கிளிப் போடுங்கள். பூஸ்டர் பக்கத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் முக்கி, மீட்டர் வைத்த சைக்கிள் பம்பால் 1 பார் வரை ஏற்றுங்கள். நல்ல வால்வில் ஒரு குமிழிகூட வராது. கெட்டதில் 0.3, 0.4 தாண்டியதும் பொடிப்பொடியாகக் கிளம்பலாம். பூஸ்டரோடு இணைந்திருக்கும்போது மட்டும் காற்று அடித்துவிடாதீர்கள்.

இதே இன்ஜினில் கிராங்க்கேஸ் (கிராங்க் சுழலும் இன்ஜின் அடிப்பகுதி) காற்றோட்டக் குழாயிலும் ஒரு செக் வால்வு உண்டு. அது கசிந்தால் பூஸ்ட் கிராங்க்கேஸுக்குள் போய், கேஸ்கெட் வழியாக ஆயில் வெளியே வரும். கையோடு அதையும் பார்த்துவிடுங்கள்.

புது வால்வு டர்போ மாடலுக்கானதா என்று கேட்டு வாங்குங்கள். அம்புக்குறி இன்ஜின் பக்கம் இருக்க வேண்டும்.