பனிமலை உச்சியில் வெள்ளையாக வருவது புகையா? கேள்வி பதில்

கும்பகோணம்: அலாஸ்காவின் ராங்கல் எரிமலை படம் பார்த்தேன் சார். உச்சியில் புகை தூணாக நிற்கிறது. வெடிக்கப்போகிறதா?

அது புகை இல்லை, நீராவி. மார்கழி விடியலில் நெல் அவிக்கும் மில் பக்கம் போயிருப்பீர்கள், தெருவே மறைகிற அளவுக்கு வெள்ளையாகக் கிளம்பும். சித்திரை மத்தியானத்தில் அதே பாய்லர், அதே உமி, ஆனால் கொப்பரைக்கு மேலே ஒரு முழம் போவதற்குள் காணாமல் போய்விடும். 4,317 மீட்டர் உயரமுள்ள மலையில் குளிருக்குக் கேட்கவா வேண்டும்? வானம் தெளிந்து குளிர் இறுகிய நாளில் ராங்கல் ஆவி தூரத்து ஊர்களுக்கும் தெரியும், அதனால் மலைக்குள் ஏதோ மாறிவிட்டது என்று ஆகாது. ஒரே படத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

திருவாரூர்: நம்ம பக்கம் எண்ணெய்க் கிணற்றில் எரிகிறதே, அது?

எரிவாயு. எரிமலை இல்லை.

மன்னார்குடி: அப்படியானால் எதைத்தான் பார்ப்பது?

பனியைப் பாருங்கள். அடியில் சூடு ஏறினால் பனி குழிந்து ஓட்டை விழும். அதுவும் உறுதி கிடையாது: 2004இல் ஸ்பர் எரிமலை உச்சியில் பனி உருகிப் பெரும் பள்ளம் விழுந்தது, வெடிப்பு வரவில்லை. ரிடவுட் எரிமலையிலும் பனி உருகியது, அது 2009இல் வெடித்தது. அதனால்தான் நில அதிர்வுக் கருவி, வாயு அளவு, செயற்கைக்கோள் காட்டும் வெப்பம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் 1985 நவம்பர் 13 இரவு வெடித்தது. பெரிய வெடிப்பு இல்லை, ஆனால் உருகிய பனி சேறாகி ஆற்றுவழியே இறங்கி, ஆர்மேரோ ஊரையே மூடியது. சுமார் 23,000 பேர் இறந்தார்கள். ஆற்றங்கரையில் இருக்கிற நமக்கு இது புரியும்.

பேரளம்: முப்பது வருஷமாக மில் நடத்துகிறேன். நீங்கள் சொல்கிற ஆவியும் உச்சியில் தெரிகிற வெள்ளையும் ஒன்றுதானே? ஆவி என்றாலே வெள்ளைதான்.

இல்லை ஐயா. ஆவி கண்ணுக்கே தெரியாது. வெள்ளையாகத் தெரிவது ஆவி குளிர்ந்து ஆன பொடித்துளி. ஆவிக்குழாய் வாயைத் தள்ளி நின்று பாருங்கள், கை வைத்துவிடாதீர்கள்.

மயிலாடுதுறை: ஒரு படம் அனுப்பியிருக்கிறேன், வெடிக்குமா?

கும்பகோணத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

நாகை: இந்தப் படம்...

அதேதான்!

பேரளம்: பார்த்துவிட்டு வந்தேன். வாயிலிருந்து நாலு விரல் வரை ஒன்றுமே தெரியவில்லை, அப்புறம்தான் வெள்ளை. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் துளியாகிற ஆவி அந்தக் குளிரில் உறைய வேண்டாமா?

இத்தனை படங்களுக்கு நடுவே இப்படி ஒரு கேள்வி! உறையும். அண்டார்டிகாவின் எரபஸ் மலையில் ஆவித்துளையைச் சுற்றி உறைந்து உறைந்து, உள்ளே கூடான பனிக்கூம்பாக எழும்பும், உங்கள் மில் சிம்னி மாதிரியே. சில 10 மீட்டர் உயரம்கூட வரும். அடியில் ஆவி குடைந்த பனிக்குகைகளும் உண்டு, வெளியே மைனஸ் 30 டிகிரி அடிக்கும்போது உள்ளே கிட்டத்தட்ட பூஜ்யம். கதகதப்பாக இருக்கிறதே என்று இப்படிப்பட்ட குகைகளுக்குள் சும்மா நுழைந்துவிடக் கூடாது. பள்ளமான மூலையில் கரியமிலவாயு தேங்கி நிற்கலாம், அதற்கு நிறமும் இல்லை.