குன்னூர் மலைப்பாதையில் சைக்கிள்: கிலோமீட்டரை விடுங்கள், உயரத்தை எண்ணுங்கள்

கேள்வி: எனக்கு வயது 46, எடை 78 கிலோ. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. சமவெளியில் 200 கி.மீ. பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) ஒன்றைப் பத்தரை மணி நேரத்தில் முடித்திருக்கிறேன். அந்தத் தைரியத்தில் போன பிப்ரவரியில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறப் போனேன். பர்லியாறு தாண்டியதும் தொடை இறுகிவிட்டது, முட்டியின் முன்பக்கம் வலி. கடைசி எட்டு கிலோமீட்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போனேன். இறங்கும்போது பிரேக் பிடித்துப் பிடித்து விரல் மரத்துப்போனது, கருகல் வாடையும் வந்தது. ரோடு பைக், கியரில் முன்னால் 50, 34 பல் சக்கரங்கள் (50/34), பின்னால் 11 முதல் 28 பல் வரை (11-28), சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக். வரும் ஜனவரியில் திருப்பூரிலிருந்தே கிளம்பி, குன்னூர் வழியாக ஊட்டி போய், கோத்தகிரி வழியாக ஒரே நாளில் திரும்ப ஆசை. முடியுமா? எப்படித் தயாராவது?

பதில்: முடியும். ஆனால் வரும் ஜனவரியில் திருப்பூரிலிருந்து கிளம்ப வேண்டாம். அதற்கான காரணத்தைக் கடைசியில் கணக்குப் போட்டே காட்டுகிறேன். முதலில், பிப்ரவரியில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

உங்கள் கடிதத்தில் எல்லாமே கிலோமீட்டர் கணக்கில்தான் இருக்கிறது. மலையில் அந்தக் கணக்கு செல்லாது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், குன்னூர் 1,850, ஊட்டி 2,240. ஆக, குன்னூருக்கு 1,500 மீட்டர் மேலே போக வேண்டும், ஊட்டிக்கு 1,900. சாலை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் இந்த உயரம் குறையாது. அதனால் "மணிக்கு எத்தனை கிலோமீட்டர் போகிறேன்" என்பதை விட்டுவிட்டு, "மணிக்கு எத்தனை மீட்டர் ஏறுகிறேன்" என்று கேட்கப் பழகுங்கள். நான் மலைக்குப் பழக்கும் எல்லோரிடமும் முதலில் சொல்வது இதைத்தான்.

உங்கள் உடம்பு, சைக்கிள், தண்ணீர், பை எல்லாம் சேர்த்து 92 கிலோ என்று வையுங்கள். இந்த எடையை ஒரு மணி நேரத்தில் 400 மீட்டர் மேலே தூக்க 100 வாட் சக்தி வேண்டும். டயர் உராய்வுக்கும் காற்றுக்கும் இன்னொரு பத்து பதினைந்து வாட். சமவெளியில் 22 கி.மீ. வேகத்தில் போகும்போது நீங்கள் செலவழித்ததும் ஏறத்தாழ 90 வாட்தான். அப்படியென்றால் மணிக்கு 400 மீட்டர் என்பது உங்கள் கால்களுக்கு எட்டாத வேலை இல்லை. மலையடிவாரத்தில் உள்ள கல்லாறிலிருந்து குன்னூர் வரை சராசரிச் சரிவு 5 சதவீதத்துக்குச் சற்று மேல். அந்தச் சரிவில் 400 மீட்டர் ஏற்றம் என்பது மணிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகம். வெறும் ஏழரைதான்!

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். கல்லாறில் காலை நேரம், குளிர்ந்த காற்று, கால் புதிதாக இருக்கும். வேகம் காட்டும் சைக்கிள் கம்ப்யூட்டரில் 8 என்று பார்த்தால் அவமானமாக இருக்கிறது. 11க்கு ஏற்றிவிடுகிறோம். 11 கி.மீ. வேகம் அந்தச் சரிவில் 160 வாட் கேட்கும். முதல் அரை மணி நேரம் கால் கொடுக்கும், பர்லியாறில் பில் வரும். உங்களுக்கு நடந்தது இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

வேகத்தைச் சரிபார்க்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. தெரிந்த ஒரு திருக்குறளை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஏழு சீரும் ஒரே மூச்சில் வந்தால் சரியான வேகம். நாலாவது சீரில் மூச்சு வாங்கினால் கியரை இறக்குங்கள். குன்னூர் வரை ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் இதைச் செய்து பாருங்கள், பதினான்கு வளைவு இருக்கிறது.

அடுத்து முட்டி. உங்கள் சைக்கிளில் ஆகக் குறைந்த கியர் முன்னால் 34, பின்னால் 28. அதில் ஏழரை கி.மீ. வேகத்தில் போனால் பெடல் நிமிடத்துக்கு 49 சுற்றுதான் சுற்றும். ஒவ்வொரு மிதியிலும் முட்டி மாவாட்டுகிற மாதிரி அழுத்தம் வாங்கும். மூன்று நாலு மணி நேரம் இப்படி மிதித்தால் வலிக்காமல் என்ன செய்யும்? பின்னால் 11-34 கேசட் (பின்சக்கரத்துப் பல்சக்கரத் தொகுதி) போட்டால் அதே வேகத்தில் 60 சுற்று கிடைக்கும். கொஞ்சம் செலவழிக்க முடிந்தால் முன்னால் 46/30 கிராங்க் (பெடலோடு சுற்றும் பல்சக்கரத் தொகுதி) மாற்றுங்கள், 67 சுற்று வரும். பழைய மூன்று பல்சக்கர கிராங்க் வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப்போடாதீர்கள், மலைக்கு அது சொத்து. ஒரு எச்சரிக்கை: ரியர் டீரெய்லரின் (பின்னால் செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் பாகம்) கூண்டு குட்டையாக இருந்தால் 34 பல்லுக்கு ஈடுகொடுக்காது. கடையில் கேட்டு, தேவைப்பட்டால் நீளக் கூண்டு உள்ளதாக மாற்றுங்கள். செயினும் இரண்டு மூன்று கண்ணி நீளமாக வேண்டும்.

கேசட் மாற்றும் அன்றே சீட் உயரத்தையும் பாருங்கள். சுவரைப் பிடித்தபடி சைக்கிளில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடல் மேல் வைத்துக் கீழே இறக்குங்கள். அடி மட்டத்தில் கால் நேராக நீள வேண்டும். முட்டி மடிந்தே இருந்தால் சீட் தாழ்வு. முட்டிக்கு முன்பக்கம் வலிப்பவர்களில் பலருக்குத் தாழ்ந்த சீட்டும் கனமான கியரும் ஜோடியாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். உயர்த்துவதானால் ஒரு நேரத்தில் ஐந்து மில்லிமீட்டர், பிறகு ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து அடுத்த ஐந்து.

நீலகிரி மலை ரயில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே பன்னிரண்டரை மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற சரிவில் ஏறுகிறது. அந்தச் சரிவில் சாதாரண சக்கரம் வழுக்கும் என்பதால் தண்டவாளத்தின் நடுவே பல் பட்டையைப் பதித்து, எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி மேலே போகிறது. அவசரமே படாமல் பல் பல்லாக ஏறும் அந்த எஞ்சினை ஒரு முறை குன்னூர் ஸ்டேஷனில் நின்று பாருங்கள். நம் மிதியும் அந்த மாதிரித்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

வளைவுகளில் ஒரு நுணுக்கம். கொண்டை ஊசி வளைவின் உள்பக்கம்தான் மிகச் செங்குத்து. நாம் இடது பக்கம் போவதால், சாலை இடதுபுறம் திரும்பும் வளைவுகளில் அந்தச் செங்குத்து நம் தலையில் விழும். வளைவுக்கு இருபது மீட்டர் முன்பே கியரை இறக்கிவிடுங்கள். செங்குத்தில் பாரம் ஏறிய பிறகு மாற்றினால் செயின் நழுவும், சில நேரம் அறுந்தே போகும். வண்டி எதுவும் வரவில்லை என்று உறுதியானால் மட்டும் நம் பாதியின் வெளி ஓரமாகச் சுற்றலாம். வலதுபுற வளைவுகள் நமக்கு லேசு, அங்கே எழுந்து நின்று பத்து மிதி மிதித்து இடுப்பைத் தளர்த்திக்கொள்ளுங்கள். மற்றபடி உட்கார்ந்தே ஏறுங்கள். நின்று மிதித்தால் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக வேலை செய்கிறது.

தள்ளிக்கொண்டு போனதை ஏதோ தோல்வி மாதிரி எழுதியிருக்கிறீர்கள். செங்குத்தான இடத்தில் சைக்கிளில் போனாலும் மணிக்கு ஐந்து கி.மீ.தான், தள்ளினாலும் நாலு. இருநூறு மீட்டர் நடந்தால் முதுகும் தொடையும் வேறு விதமாக அசைந்து தெளியும். நான் இன்றைக்கும் வேண்டும்போது இறங்கி நடக்கிறேன்.

சாப்பாடு. ஏறத் தொடங்கியதிலிருந்து மணிக்கு 50, 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் இருக்கும். அதோடு ஒரு கடலை மிட்டாயும் நாலு பேரீச்சையும் சேர்த்தால் ஒரு மணி நேரக் கணக்கு நேராகிவிடும். பசி வந்த பிறகு சாப்பிட்டால் தாமதம், அரை மணிக்கு ஒரு தடவை வாயில் எதையாவது போடுங்கள். தண்ணீரில் கொஞ்சம் உப்பும் எலுமிச்சையும் பிழிந்துகொள்ளுங்கள். பர்லியாறு பக்கம் குரங்குகள் அதிகம், பழத்தை வெளியே தொங்கவிட்டால் உங்களுக்கு மிஞ்சாது. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால், வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று வெறும் பாட்டிலோடு போகாதீர்கள். இரண்டு பாட்டிலையும் கல்லாறிலேயே நிரப்பிவிட்டு, டீக்கடைகளில் மறுபடி நிரப்பிக்கொள்ளுங்கள். பர்லியாறில் டீ குடிக்க நின்றால் பத்து நிமிடம் போதும், அதற்கு மேல் நின்றால் தொடை ஆறி இறுகும்.

இனி இறக்கம். எனக்கு ஏற்றத்தைவிட இதைப் பற்றித்தான் கவலை. பிரேக்கை விடாமல் லேசாகப் பிடித்தபடியே இறங்கினால், மேலே இருந்து நீங்கள் சேர்த்துவைத்த உயரம் முழுவதும் ரிம்மில் சூடாக மாறுகிறது. நீங்கள் மோந்த கருகல் வாடை அதுதான். பல வருடங்களுக்கு முன் கோத்தகிரி இறக்கத்தில் இப்படித்தான் வந்துகொண்டிருந்தேன். குஞ்சப்பனைக்கு மேலே, பட்டாசு வெடித்தது போல் ஒரு சத்தம். முன் டியூப் போய்விட்டது. வேகம் குறைவாக இருந்ததால் ஓரத்துப் புல்லில் சாய்ந்து தப்பினேன். சக்கரத்தைக் கழற்றப் போய் ரிம்மைத் தொட்டதும் தோசைக்கல்லைத் தொட்டது போல் விரல் சுட்டது. டியூபின் உள்விளிம்பு சூட்டில் இளகிப்போயிருந்தது.

அதனால், நேர்ச்சாலையில் சைக்கிளை ஓடவிடுங்கள், வளைவு வருவதற்கு முன் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டுவிட்டு வளையுங்கள். பிடி, விடு, பிடி, விடு. விட்ட நேரத்தில் காற்று ரிம்மை ஆற்றும். வளைவுக்குள் போன பிறகு பிடிக்காதீர்கள். கையை ஹேண்டிலின் கீழ் வளைவில் வைத்தால் இரண்டு விரலே போதும், விரல் மரக்காது. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு முறை நின்று ரிம்மைத் தொட்டும் தொடாமலும் பாருங்கள். கிளம்புவதற்கு முன் புது பிரேக் பேட் போட்டு, பழைய கேபிளையும் மாற்றிவிடுங்கள். ஆயிரம் மீட்டருக்கு ஆறு ஆறரை டிகிரி வீதம் குளிர் கூடும், ஊட்டிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் 12 டிகிரி வித்தியாசம் வரும். வியர்த்த பனியனோடு இறங்கினால் உடம்பு நடுங்கி ஹேண்டில் ஆடும். காற்றுப் புகாத மெல்லிய ஜாக்கெட் ஒன்று பையில் இருக்கட்டும். மறந்துவிட்டால் ஊட்டியில் ஒரு நாளிதழ் வாங்கி நெஞ்சுக்கு உள்ளே மடித்து வையுங்கள், நன்றாகவே தாங்கும்.

பயிற்சிக்கு வாராவாரம் மேட்டுப்பாளையம் போகத் தேவையில்லை. காங்கேயம் பக்கம் சிவன்மலைக்கு வண்டிப் பாதை இருக்கிறது, சென்னிமலைக்கும் இருக்கிறது. ஞாயிறு காலை அதில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, மொத்த ஏற்றம் 500 மீட்டர் ஆகும்வரை செய்யுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 100, 150 மீட்டர் கூட்டிக்கொண்டே போங்கள். ஒரே நாளில் 1,200 மீட்டர் நிதானமாக ஏற முடிந்தால் குன்னூருக்குத் தயார். வார நாட்களில் ஒரு மாலை, பல்லடம் பக்கம் எதிர்க்காற்றில் ஒரு மணி நேரம் விடாமல் மிதியுங்கள். காற்றாலைகளைச் சுழற்றுகிற அந்தப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மலை மாதிரியே இடைவிடாமல் தள்ளும். சமவெளியில் நடுநடுவே மிதிக்காமல் உருட்டுகிறோம், மலையில் அது கிடையாது. அந்த வித்தியாசத்தைக் கால்களுக்குச் சொல்லிக்கொடுக்க எதிர்க்காற்றை விட்டால் நமக்கு வேறு வாத்தியார் இல்லை. 46 வயது என்பதால், தொடங்கும் முன் ஒரு தடவை டாக்டரிடம் ரத்த அழுத்தமும் இதயமும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது கணக்கு. திருப்பூர் - அவிநாசி - அன்னூர் - மேட்டுப்பாளையம் ஐம்பது கி.மீ.க்குச் சற்று மேல், இரண்டரை மணி. குன்னூர் மூன்றே முக்கால். அங்கிருந்து ஊட்டி, வெலிங்டன், அருவங்காடு, கேத்தி என்று ஏறி இறங்கிப் போவதால் ஒன்றே முக்கால். ஊட்டியை விட்டதும் தொட்டபெட்டா சந்திப்பு வரை மறுபடி ஏற்றம், கோத்தகிரி போய்ச் சேர இரண்டு மணி. இறக்கம் ஒன்றேகால். பிறகு தளர்ந்த காலோடு திருப்பூர் மூன்று மணி. பதினாலேகால் ஆயிற்று. நிற்கிற நேரம் சேர்த்தால் பதினாறு. இதற்கு அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பினால் கல்லாறு காட்டை இருட்டில் கடக்க நேரும். அது யானை நடமாடும் இடம். சைக்கிள் சத்தமில்லாமல் வரும், யானைக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

அதனால் முதல் முறை, முந்தைய நாள் இரவு மேட்டுப்பாளையத்தில் தங்குங்கள். நன்றாக விடிந்த பிறகு, ஆறரைக்குக் கிளம்புங்கள். குன்னூர் பத்தரை, ஊட்டி பன்னிரண்டே முக்கால். அங்கே வயிறு முட்டச் சாப்பிடாமல் தயிர் சாதமோ இட்லியோ போதும். (டீக்கு வர்க்கி ஒன்று தொட்டுக்கொள்ளலாம், ஊட்டி வரைக்கும் போய்விட்டு அதை விடுவது பாவம்.) ஒன்றரைக்கு ஊட்டியை விட்டால் கோத்தகிரி மூன்றரை, குஞ்சப்பனை நாலரை, வெளிச்சம் இருக்கும்போதே மேட்டுப்பாளையம். சுற்று 113 கி.மீ. அளவில் வரும், ஏற்றம் 2,300 மீட்டருக்குக் குறையாது. இதைச் சிரித்துக்கொண்டே முடித்தால் அடுத்த ஆண்டு திருப்பூரிலிருந்து யோசிக்கலாம், அதுவும் இரண்டு நாள் பயணமாக.

ஜனவரி நல்ல தேர்வு, பொங்கல் விடுமுறையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஏப்ரல், மே வேண்டாம். கூட்டம் தாங்காமல் அப்போது குன்னூர் பாதையை ஏறுவதற்கும் கோத்தகிரி பாதையை இறங்குவதற்கும் ஒருவழியாக்குவார்கள், அந்தப் புகையில் ஏற முடியாது. அக்டோபர் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை மண்சரிவு பயம். கேசட்டைக் கடைசி வாரத்தில் மாற்றாமல் இந்த மாதமே மாற்றிவிடுங்கள். புது கியர் காலுக்குப் பழக, சிவன்மலையில் ஐந்தாறு ஞாயிற்றுக்கிழமையாவது வேண்டும்.