மே மாத நாவல்

அன்புள்ள சார்,

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியை. மூன்று வருடமாக ஒரு நாவல் எழுத முயன்றுகொண்டிருக்கிறேன். விடைத்தாள் திருத்தும் முகாம் முடிந்து மே மாதம் உட்கார்ந்தால் ஐம்பது, அறுபது பக்கம் வெறிபிடித்ததுபோல எழுதிவிடுவேன். ஜூனில் பள்ளி திறந்ததும் நோட்டு பீரோவுக்குள் போய்விடும். அடுத்த மே மாதம் எடுத்துப் படித்தால் வேறு யாரோ எழுதியதுபோல இருக்கிறது. பிடிக்காமல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன். இப்போது என்னிடம் மூன்று தொடக்கங்கள் இருக்கின்றன (இணைத்திருக்கிறேன்). நாவல் இல்லை. ஒரு வருடம் சம்பளமில்லா விடுப்பு எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். நீங்கள் தினமும் எழுதுவதாகச் சொல்லியிருந்தீர்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதுபோல எழுதினால் எழுத்து செத்துப்போகாதா?

(பெயர் வேண்டாமே.)

அன்புள்ள டீச்சர்,

விடுப்பு எடுக்காதீர்கள். நான் எடுத்துப் பார்த்தவன். இரண்டாவது நாவலுக்காக நான்கு மாதம் லீவு போட்டேன். முதல் வாரம் புத்தக அலமாரியைத் தூசி தட்டினேன். இரண்டாவது வாரம் மாடித் தொட்டியைக் கழுவினேன். வீட்டில் ஒரு ஆள் சும்மா இருந்தால் வேலைகளுக்கு எப்படியோ மூக்கு வியர்த்துவிடுகிறது. ரேஷன் கடை, கேஸ் சிலிண்டர், மச்சினன் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல்காரரைப் பார்ப்பது என்று எல்லாம் என் தலையில் விடிந்தது. நான்கு மாதத்தில் எழுதியது பதினொரு பக்கம். திரும்ப ஆபீஸ் போக ஆரம்பித்த பிறகுதான் நாவல் நகர்ந்தது.

ஆபீஸ் போய்க்கொண்டே எழுதியவர்களில் எனக்குப் பிடித்த மனிதர் ஆண்டனி டிரோலப். 1834 முதல் 1867 வரை பிரிட்டிஷ் தபால் துறையில் வேலை பார்த்தவர். மொத்தம் 47 நாவல்கள். காலை ஐந்தரைக்கு மேஜைக்கு வந்துவிடுவார். அவரை எழுப்பிக் காபி கொடுக்க ஒரு வயதான வேலையாள், அதற்காக அவருக்கு வருடத்துக்கு 5 பவுண்டு கூடுதல் சம்பளம். எதிரே கடிகாரம். கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள். எத்தனை பக்கம் எழுதினோம் என்று நாள்வாரியாகக் கட்டம் போட்டுக் குறித்துவைப்பார். எல்லாவற்றையும் சுயசரிதையில் அவரே ஒளிக்காமல் எழுதிவிட்டார். 1882இல் இறந்தார், அடுத்த வருடம் புத்தகம் வந்தது, மதிப்பு சரிந்தது. கலைஞன் என்று நினைத்திருந்தோமே, கணக்குப்பிள்ளையாக இருக்கிறாரே என்று. உங்கள் வருகைப் பதிவேட்டுக் கேள்வியும் அந்த ரகம்தான். கணக்கு டீச்சரே இப்படிக் கேட்கலாமா?

அந்த 250 சொல்லைப் பிடித்துக்கொண்டவர்கள் அதையொட்டியே அவர் சொல்லும் இன்னொரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். காலையில் அவர் உட்காரும் மூன்று மணி நேரத்தில் முதல் அரை மணி எழுதுவதே இல்லை. முந்தின நாள் எழுதியதைப் படிக்கிறார், அதுவும் சொற்களின் ஓசையைக் காதால் எடைபோட்டபடி. எனக்கு அவருடைய கடிகாரத்தைவிட இந்த அரை மணிதான் முக்கியம்.

ஏன் என்றால், என் நாவல் ஒன்றில் ஒரு பாட்டி வருவாள். எதைச் சொன்னாலும் 'என்னமோ போ' என்று முடிப்பாள். மகன் செத்த சேதியைச் சொல்லும்போதும் அப்படித்தான் முடித்தாள். அந்த இடத்தை எழுதிய அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து, மூன்று வாரம் நோட்டைத் தொடவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்ததும் விட்டதைப் பிடிக்கிற அவசரத்தில், பழையதைப் படிக்காமலே நாலு பக்கம் எழுதினேன். மறுநாள் பார்த்தால் பாட்டி 'எனவே' என்கிறாள். பேரனிடம், திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, 'எனவே'! மூன்று வாரத்தில் அவள் குரல் என் காதை விட்டுப் போயிருக்கிறது. அந்த இடத்தில் நான் தினசரி ஆபீஸில் எழுதும் குறிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது.

மூன்று வாரத்துக்கே இந்தக் கதி. உங்களுக்கு நடுவில் பதினொரு மாதம். யாரோ எழுதியதுபோல இருப்பதில் ஆச்சரியம் என்ன? அந்தப் பக்கங்கள் கெட்டுப்போகவில்லை, உங்கள் காதுதான் ஆறிப்போயிருக்கிறது.

வெறியோடு எழுதுவதைக் குறைசொல்லவில்லை. ஜெர்மன் மொழியில் எழுதிய காஃப்கா 'தீர்ப்பு' கதையை 1912 செப்டம்பர் 22 இரவு பத்து மணிக்கு ஆரம்பித்து விடிகாலை ஆறுக்கு முடித்தார். இப்படித்தான் எழுத வேண்டும் என்று டைரியிலும் எழுதினார். ஆனால் அது சிறுகதை. அவருடைய மூன்று நாவல்களும் முடியாமலே நின்றுபோயின. வேறு காரணங்களும் இருக்கும். என்றாலும் ஒரே மூச்சை நம்புகிறவர்கள் இதையும் நினைத்துப் பார்க்கலாம்.

நான் செய்வதைச் சொல்கிறேன். காலையில் இருபது நிமிடம் நேற்று எழுதியதை வாய்க்குள் முணுமுணுத்துப் படிப்பேன். (கல்யாணமான புதிதில், விடிகாலையில் யாரிடமோ ரகசியமாகப் போன் பேசுகிறேன் என்று மனைவி நினைத்திருக்கிறாள்.) பிடிபடாவிட்டால் கடைசிப் பக்கத்தை அப்படியே கையால் பிரதியெடுப்பேன். பாதிப் பக்கம் போவதற்குள் கை தானாக அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடும். எழுந்திருக்கும் முன் ஓரத்தில் ஒரு குறிப்பு: யார் எங்கே நிற்கிறார்கள், மணி என்ன, விளக்கு எரிகிறதா. இந்தக் குறிப்புப் பழக்கம் அவமானப்பட்டுக் கற்றுக்கொண்டது. முதல் நாவலில் ஒருவன் டிவிஎஸ் 50-ஐக் கோயில் வாசலில் நிறுத்திவிட்டு நடந்தே வீட்டுக்கு வருகிறான். மறுநாள் காலையில் வண்டி வீட்டு வேப்பமரத்தடியில் நிற்கிறது. வாசகர் ஒருவர் போஸ்ட் கார்டில் எழுதிக் கேட்டார், "யார் ஓட்டிக்கொண்டு வந்தது?" அந்தக் கார்டு இன்னும் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

எழுதுவது எத்தனை சொல் என்பது எனக்கு இரண்டாம்பட்சம். சில நாள் ஒரு பக்கம் வரும், சில நாள் ஒரு பெயரை மாற்றியதோடு சரி. ஆனால் நாவலுக்குள் ஒருமுறை போய்விட்டு வந்திருப்பேன். ஸ்பெஷல் கிளாஸ், நோட்டு திருத்துவது எல்லாம் போக உங்களுக்கும் அரை மணி கிடைக்கும். பள்ளிக்குப் பஸ்ஸில்தானே போகிறீர்கள்? டிரோலப் ரயிலில் மடியில் பலகை வைத்துப் பென்சிலால் எழுதினார், வீட்டில் மனைவி அதை நகலெடுத்துக் கொடுத்தார். உங்களுக்கு நகலெடுத்துத் தர ஆள் இருக்காது என்று தெரியும். டவுன் பஸ்ஸில் நிற்க இடம் கிடைத்தாலே பெரிது என்றால் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு படிக்க மட்டும் செய்யுங்கள்.

மூன்று தொடக்கங்களையும் படித்தேன். முதலாவதில் நீங்கள் படித்த புத்தகங்கள் அதிகம் தெரிகின்றன. மூன்றாவது கெட்டிக்காரத்தனமாக இருக்கிறது. அவை பீரோவிலேயே இருக்கட்டும். இரண்டாவதை எடுங்கள். தூக்குவாளியைச் சேலைத் தலைப்பால் மூடிப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாள் கடைசி பஸ்ஸில் ஏறுகிறாள். கண்டக்டர் எங்கே போகணும் என்று கேட்கிறார். அவள் பதில் சொல்லவில்லை. அதோடு ஜூன் மாதம் வந்துவிட்டது போலிருக்கிறது. பஸ் இப்போது எந்த ஸ்டாப்பில் நிற்கிறது, வாளியில் என்ன இருக்கிறது என்று மட்டும் இன்று ராத்திரி ஓரத்தில் குறித்து வையுங்கள்.