ரத்தக்குழாய்க்குக் கதவைச் சாத்தத் தெரியாது

“இன்சுலின் இல்லாவிட்டால் சர்க்கரை செல்லுக்குள் போகாது என்கிறார்கள். அப்புறம் ரத்தக்குழாய் மட்டும் எப்படிக் கெடுகிறது?” என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் யாருக்கோ கண்ணிலோ காலிலோ கோளாறு சொல்லியிருப்பார்கள் போல. இந்தச் சந்தேகம் சும்மா வராது.

நான் டாக்டர் இல்லை, சிங்கப்பூரில் வேன் ஓட்டுகிற சர்க்கரை நோயாளி. தப்பிருந்தால் திருத்துங்கள், திட்டாதீர்கள்.

போன வருஷம் வரை நான் கெட்டிக்காரன். பலதுறை மருந்தகத்தில் ரத்தம் எடுக்க மூன்று நாள் முன்பே சோற்றை நிறுத்திவிடுவேன். வெறும் வயிற்று அளவு அழகாக வரும். ஆனால் எச்பிஏ1சி 9.4. ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையின் கணக்கு அது, இரண்டு மூன்று மாதக் கதையைச் சொல்லிவிடும். தமிழ் நர்ஸ் சிரித்தார்: “அங்கிள், மூணு நாள் பட்டினியெல்லாம் இதுகிட்ட செல்லாது.” அப்புறம் கண்ணைப் படம் எடுத்தார்கள். திரையில் ஆரஞ்சு வட்டம், அதில் சிவப்பு மை தெறித்தது போல ஐந்தாறு புள்ளிகள். சுவர் பலவீனமாகி உப்பிய நுண்குழாய்களாம். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை, படித்தேன்.

தசையும் கொழுப்பும்தான் பெரும்பாலும் இன்சுலினுக்குக் காத்திருக்கும். குழாயின் உள்சுவர் செல்கள் குளூட்-1 என்ற கதவு வழியாக, இன்சுலின் உட்பட யாரையும் கேட்காமல் சர்க்கரையை எடுக்கும். வெளியே கூடினால் உள்ளேயும் கூடும். அதை உடைக்கையில் மெத்தில்கிளையாக்சால் என்ற கழிவு வரும். கிளையாக்சலேஸ் நொதிகள், செல்லிலேயே இருக்கும் குளுடாதையோன் என்ற பொருளின் துணையோடு, அதை டி-லாக்டேட்டாக மாற்றித் தள்ளிவிடும். கழிவு மிஞ்சினால் புரதங்களில் ஒட்டி ‘ஏஜ்’ எனும் பொருள்களாகும். அவை செல்லின் மேலுள்ள ‘ரேஜ்’ ஏற்பியில் உட்கார்ந்தால் அழற்சி வந்து குழாய்ச் சுவர் கெடும். ஈரலின் நுண்குழாய்ச் செல்கள் ரத்தத்தில் வரும் ஏஜ்களை விழுங்கி, லைசோசோம் என்ற செரிமானப் பைக்குள் செரிக்கும். அவை துப்புரவுக்கென்றே இருப்பவை. கண்ணில் இருப்பவற்றுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.

‘கருப்பட்டிக்கு மாறுங்கள்’ என்று பாடமெடுக்க வருகிறவர்களுக்கு: அதுவும் சர்க்கரைதான். நான் மாத்திரை போடுகிறேன், கோப்பி ஓ கொசோங், அதாவது பாலும் சீனியும் இல்லாத காப்பி, குடிக்கிறேன். ஒரே ஒரு வயிற்றெரிச்சல்: எங்கள் புளோக் கீழே கோப்பிக்கடையில் சீனி போட்டாலும் போடாவிட்டாலும் ஒரே விலை. சீனி மிச்சமாகிறதே, பத்துக் காசாவது குறைக்கக் கூடாதா?