'முடிந்தது' என்று எழுத ஓர் இடம்

வணக்கம் ஐயா,

கடலூர் மாவட்டத்தில் தென்பெண்ணைக் கரையோர ஊர்க்காரன் நான். 2024 டிசம்பரில் சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டபோது எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. யாருக்கு என்ன தேவை என்பதே தெரியாமல் நண்பர்கள் இரவெல்லாம் அலைந்தோம். இந்த மழைக்காலத்துக்கு முன் சுற்றுவட்டார இளைஞர்களை ஒன்றுசேர்க்க நினைக்கிறோம். வாட்ஸப் குழுவா, டெலிகிராமா, கூகுள் படிவமா, இன்ஸ்டாகிராம் பக்கமா, டிஸ்கார்டா என்று எங்களுக்குள் விவாதம் முடிந்தபாடில்லை. வரும் செய்திகளைத் தொகுக்க சாட்ஜிபிடி போதும் என்கிறான் ஒரு நண்பன். உதவி கேட்பவர்களின் பெயர், எண்ணை எல்லாரும் பார்க்கும்படி வைக்கலாம் என்று ஒரு யோசனையும் உண்டு. சென்னை வெள்ளத்தின்போது நீங்கள் தன்னார்வலராக இருந்ததைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எந்தக் கருவி சிறந்தது? ஊர்ப் பெரியவர்களுக்கு இதெல்லாம் புரியாது என்பதால் அவர்களைச் சேர்க்கவில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலைதான், தேதியே இல்லாத ஒரு ரத்ததானக் கோரிக்கையை எங்கள் குடியிருப்புக் குழுவில் போட்டவரோடு வாதாடிக்கொண்டிருந்தேன். "நல்லதுக்குத்தானே சார் போட்டேன்" என்றார். இந்த 'நல்லதுக்குத்தானே' என்னை வெகுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. அதனால் பொதுவிலேயே பதில் எழுதுகிறேன்.

வெள்ளம் வடிந்ததும் எல்லாரும் மறந்துவிடுகிற விஷயத்தை அடுத்த மழைக்கு முன்பே எடுத்துவைத்து யோசிக்கிறீர்கள். அதற்கே உங்களைக் கூப்பிட்டுவைத்து ஒருவேளை சோறு போட வேண்டும்.

டெலிகிராமா வாட்ஸப்பா என்பதில் எனக்கு அக்கறை இல்லை. ஊரில் அதிகம் பேர் கையில் எது இருக்கிறதோ அது. டிஸ்கார்டை விட்டுவிடுங்கள். இன்ஸ்டாகிராம் பக்கம் பின்னால் நிவாரணப் பொருள் கேட்க உதவும், தண்ணீர் ஏறும்போது உதவாது. சாட்ஜிபிடி நூறு செய்திகளை அழகாகத் தொகுத்துத் தரும். அவற்றில் எது நேற்றே தீர்ந்துபோனது என்று அதற்குத் தெரியாது. போன் போட்டுக் கேட்கிற ஆள் வேண்டும். அந்த ஆளைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

2015 டிசம்பர் 1 இரவைச் சொல்கிறேன். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியில் திறந்துவிட்ட நீர் விநாடிக்கு 29,000 கன அடியைத் தொட்டது. அடையாறு கரைமீறி ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று வீடுகளுக்குள் புகுந்தது. 1878இல் தொடங்கிய 'தி இந்து' நாளிதழின் சென்னைப் பதிப்பு மறுநாள் அச்சாகவில்லை. ஊழியர்களால் மறைமலைநகர் அச்சகத்துக்குப் போய்ச்சேர முடியவில்லை. நாளிதழே நின்றுபோன அந்த நாளில் கைப்பேசிகளில் மட்டும் செய்தி கொட்டிக்கொண்டே இருந்தது. நான் அப்போது மதுரையில். கரண்டும் நெட்வொர்க்கும் உள்ள ஊர்களில் இருந்தவர்களால் ஒன்றைத்தான் செய்ய முடிந்தது. உதவி கேட்டு வந்த எண்களுக்குப் போன் செய்து, செய்தி உண்மையா, இன்னும் தேவை இருக்கிறதா என்று விசாரித்து, பொதுவான ஒரு கூகுள் ஷீட்டில் ஏற்றுவது.

முடிச்சூரிலிருந்து ஒரு செய்தி. "எட்டு மாதக் கர்ப்பிணி, மொட்டை மாடியில் தவிக்கிறார், படகு தேவை, அதிகம் பகிரவும்." அந்த எண்ணுக்கு அடித்துக்கொண்டே இருந்தேன், பிஸி. கடைசியில் ஓர் ஆண் குரல்.

"அவளை நேத்து காலையிலயே படகுல கூட்டிட்டுப் போயிட்டாங்க சார். சேலையூர்ல அக்கா வீட்ல இருக்கா. நானும் அப்பாவும்தான் இங்க இருக்கோம். விடாம போன் வருது. கரண்ட் இல்ல, நாலு பர்சென்ட்தான் சார்ஜ் இருக்கு. அப்பாவுக்கு இன்சுலின் தீந்துபோச்சு, அதை யார்கிட்டயாவது சொல்லலாம்னா அதுக்குள்ள அடுத்த போன் வந்துருது..."

இணைப்பு அறுந்துவிட்டது. ஷீட்டில் கர்ப்பிணிக்கு எதிரே 'மீட்கப்பட்டார்' என்று மாற்றினேன். இன்சுலின் தேவை என்று புதிய வரி சேர்த்தேன். மாலையில் பார்த்தால் அந்த வரிக்கு எதிரே யாரோ 'கொடுத்தாயிற்று, 5.40' என்று எழுதியிருந்தார். அவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் வாட்ஸப்பில் அந்தக் கர்ப்பிணி மொட்டை மாடியை விட்டு இறங்கவே இல்லை. வெள்ளம் வடிந்து, மின்சாரம் வந்து, மக்கள் வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோதும் அவளுக்குப் படகு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நல்லதுக்குத்தான். அத்தனை பேரும் நல்லதுக்குத்தான் செய்தார்கள். அந்த நல்லெண்ணம் ஒரு மனிதனின் கடைசி நாலு சதவீத சார்ஜையும் குடித்துவிட்டது.

அதனால் எந்தச் செயலி என்று கேட்காதீர்கள். தேவை தீர்ந்துவிட்டது என்று எழுத அதில் எங்கே இடம் இருக்கிறது என்று கேளுங்கள். ஃபார்வர்டு செய்தியில் அந்த இடம் கிடையாது. நீங்கள் போட்டதை நீங்களே அழித்தாலும், அதைப் பார்த்து மற்றவர்கள் அனுப்பிய பிரதிகள் சுற்றிக்கொண்டே இருக்கும். ஷீட்டில் ஒரு வரி ஒரே இடத்தில்தான் இருக்கிறது, அதைத் திருத்தினால் எல்லாருக்கும் திருந்திவிடுகிறது. கேட்டவர், கேட்ட நேரம், போன் செய்து சரிபார்த்தவர், சரிபார்த்த நேரம், முடிந்ததா, முடித்தவர் யார். உங்கள் படிவத்தில் எது இல்லாவிட்டாலும் இவை இருந்தாக வேண்டும். வாட்ஸப் குழுவில் அந்த ஷீட்டின் இணைப்பை மட்டும் போடுங்கள். கோரிக்கையை அங்கே எழுதவே விடாதீர்கள். எழுதுபவர் உங்கள் சித்தப்பாவாகவே இருந்தாலும் கண்டியுங்கள்.

2018 வெள்ளத்தில் கேரளத்துப் பிள்ளைகள் இதைப் புரிந்துகொண்டிருந்தார்கள். மாநில அரசின் ஐ.டி. மிஷனோடு சேர்ந்து தன்னார்வலர்கள் 'கேரளா ரெஸ்க்யூ' என்ற தளத்தை உருவாக்கி, கோரிக்கைகளை ஒரே இடத்துக்குக் கொண்டுவர முயன்றார்கள். 2021இல் கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜன் தேடி அலைந்தவர்களைக் கேட்டுப்பாருங்கள். சிலிண்டர் கிடைக்கும் என்று நீளநீளமாகப் பட்டியல்கள் வந்தன, பாதி எண்களை யாரும் எடுப்பதில்லை. 'சரிபார்த்தது, இன்று மாலை 4 மணி' என்று அடியில் ஒரு வரி இருந்த பட்டியலைத்தான் நம்பிக் கூப்பிட முடிந்தது.

தேதியும் மூலமும் இல்லாத செய்தி ஆளையே கொல்லும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலைத் தேடி உறவினர்களோடு வந்த ஒரு மூதாட்டி வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று சந்தேகித்து ஊரே திரண்டு அடித்ததில் அவர் இறந்தார். அந்த ஆண்டு இந்தியா முழுக்கச் சுற்றிய குழந்தைக் கடத்தல் வீடியோ, கராச்சியில் எடுத்த ஒரு விழிப்புணர்வுப் படம். கடைசியில் குழந்தையைத் திருப்பி ஒப்படைக்கும் பகுதியை வெட்டிவிட்டிருந்தார்கள். அந்த ஆண்டு ஜூலையில்தான் வாட்ஸப், செய்தியின் தலையில் 'ஃபார்வர்டு' என்று காட்டத் தொடங்கியது. இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடும் கொண்டுவந்தது. அந்த அடையாளம்கூட செய்தி கைமாறி வந்தது என்பதைத்தான் சொல்லும். முதலில் எழுதியது யார், என்றைக்கு என்று சொல்லாது.

பெயரையும் எண்ணையும் எல்லாரும் பார்க்க வைக்கலாம் என்ற யோசனையை இன்றே தூக்கிப் போடுங்கள். இரண்டாம் அலையில் உதவிக்காகத் தங்கள் எண்ணைப் பகிர்ந்த பெண்களுக்கு ஆபாசச் செய்திகளும் அழைப்புகளும் வந்தன. எண்கள் சரிபார்ப்பவர்கள் பார்க்கும் ஷீட்டில் மட்டும் இருக்கட்டும். குழுவில் இணைப்பு போடுகிற ஷீட்டில் தெரு, தேவை, நிலை, இவை போதும்.

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். பெரியவர்களுக்குப் புரியாது என்று யார் சொன்னது? ஐந்து செயலிகளின் பெயர் எழுதியிருக்கிறீர்கள், உங்கள் ஊர்க்காரர் ஒருவரையாவது குறிப்பிட்டிருக்கிறீர்களா? தண்ணீர் ஏறுகிறபோது எந்த வீட்டில் எழுந்து நடக்க முடியாத கிழவி இருக்கிறார், யாருக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ், எந்தத் தெரு முதலில் முழுகும் என்பது எந்த ஆப்பிலும் இல்லை. அது அங்கன்வாடி டீச்சருக்குத் தெரியும். கிராம சுகாதார செவிலியர் கர்ப்பிணிகளைப் பதிவு செய்து, எந்த மாதம் என்பதுவரை எழுதி வைத்திருக்கிறார். ரேஷன் கடைக்காரருக்கும் பால் சொசைட்டிக்காரருக்கும் குடும்பம் குடும்பமாக ஆட்களைத் தெரியும். டேங்க் ஆபரேட்டர் தினமும் தெருத்தெருவாகப் போகிறவர், மேடு பள்ளம் அவருக்கு அத்துப்படி. இவர்களை விட்டுவிட்டு யாரை இணைக்கப் போகிறீர்கள்? உங்கள் தெருப் பையன்கள் பத்துப் பேர் உங்களோடு ஏற்கெனவே இணைந்துதானே இருக்கிறார்கள்!

கோபப்படுகிறேன் என்று நினைக்காதீர்கள். சாத்தனூர் திறந்த இரவில் இடுப்பளவுத் தண்ணீரில் டார்ச்சோடு நீங்கள் எப்படி அலைந்திருப்பீர்கள் என்று தெரியும். அந்த அலைச்சல் வீணாகக் கூடாது என்பதால்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

இந்த வாரமே அங்கன்வாடிக்குப் போங்கள். கைபேசியைப் பையிலேயே வைத்துவிட்டு நோட்டும் பேனாவும் கொண்டுபோங்கள். தெருவுக்கு ஒரு பெரியவர், அவருக்குப் போன் செய்ய உங்களில் ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். அவர்களிடம் பட்டன் போன் இருந்தால் போதும். டேட்டா கிடைக்காத நேரத்திலும் குறுஞ்செய்தி பல சமயம் போய்விடும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070. இரண்டையும் அச்சடித்து ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பாருங்கள். பொய்யாகப் பத்துக் கோரிக்கைகளை உள்ளே விட்டு, மாலைக்குள் எத்தனை வரிகளுக்கு எதிரே 'முடிந்தது' விழுகிறது என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.