பாலத்தில் நின்றுபோன ஆறு பேர்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் தங்கச்சிமடத்துக்காரன். இப்போது சென்னையில் வேலை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகள் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில், கேணிக்கரை பிரௌசிங் சென்டரில் ‘பால்டர்ஸ் கேட்’ என்ற கம்ப்யூட்டர் கேம் ஆடியதாகப் போகிற போக்கில் ஒரு வரி வருகிறது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

அதையும் ‘மாரோவிண்ட்’ என்ற இன்னொரு கேமையும் பைத்தியமாக ஆடியவன் நான். மீன்பிடித் தடைக்காலமும் பள்ளிக்கூட லீவும் ஒன்றாக வரும். விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும். அப்பா கிழிந்த வலையைச் சரிபார்த்துக்கொண்டிருப்பார். கூடமாட ஒத்தாசை செய்ய வேண்டிய நான் நைசாக நழுவி பஸ் ஏறிவிடுவேன்.

போன வாரம் இரண்டையும் தள்ளுபடியில் வாங்கி இறக்கினேன். அரை மணி நேரம்கூட உட்கார முடியவில்லை. கல்லூரியில் படிக்கும் அக்கா மகன் 2023-ல் வந்த பால்டர்ஸ் கேட் மூன்றாம் பாகத்தை ஆடுகிறவன். பின்னால் நின்று பார்த்துவிட்டு, “என்ன மாமா, எறும்பு மாதிரி ஊர்றாங்க” என்று சிரித்தான். எனக்கு முகம் சுண்டிவிட்டது. அவை நிஜமாகவே நல்ல விளையாட்டுகள்தானா? இல்லை, பழசு என்பதால் நமக்கு அப்படித் தோன்றுகிறதா?

ஆர்.,
சென்னை

அன்புள்ள தம்பி,

மருமகன் சொன்னது சரி. எறும்புகள்தான். அதிலும் வழி தெரியாத எறும்புகள். பால்டர்ஸ் கேட்டில் வரும் நாஷ்கெல் சுரங்கத்தின் சந்தில் நம் கூட்டத்து ஆறு பேரை அனுப்பினால் ஒருவன் குறுக்கே நிற்பான், இன்னொருவன் ஊரைச் சுற்றிக்கொண்டு போவான். முதல் லெவல் மந்திரவாதிக்கு உயிர் நாலு புள்ளியோ ஐந்து புள்ளியோதான். ஓநாய் ஒரு கடி கடித்தால் போச்சு. ஒரு மந்திரம் போட்டால் அன்றைய கணக்கு முடிந்தது, படுத்துத் தூங்கி எழுந்தால்தான் அடுத்தது. இதையெல்லாம் ‘அந்தக் காலத்துக் கஷ்டம்’ என்று மெச்சிக்கொள்ள எனக்கு மனமில்லை. சில இடங்களில் அது வெறும் மோசமான வேலை.

ஆனால் நீங்கள் போன வாரம் இறக்கியது நாம் ஆடிய விளையாட்டு அல்ல என்பது என் சந்தேகம். எங்கள் கதையைச் சொல்கிறேன், உங்களுடையதும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும்.

பால்டர்ஸ் கேட் 1998 டிசம்பரில் வெளிவந்தது. ஐந்து சிடி. எங்கள் கைக்கு வந்தபோது நாங்கள் பதினொன்றாம் வகுப்பு. கூட்டாளி ஒருவன் கீழக்கரை. அவன் வாப்பா துபாய்க்குப் பிழைக்கப் போன சபுராளி. ஊருக்கு வரும்போது மகனுக்காக வாங்கிவந்தார். விமானத்தில் எடை கூடும் என்று அட்டைப்பெட்டியையும் அதனுள் இருந்த தடித்த புத்தகத்தையும் அங்கேயே எறிந்துவிட்டு, ஐந்து தட்டுகளை மட்டும் ஒரு உறையில் போட்டுக் கொண்டுவந்துவிட்டார். பால் பவுடருக்கு இடம் வேண்டுமே. அந்தப் புத்தகத்தில்தான் விதிகள் முழுக்க இருந்தன.

விளைவு என்ன தெரியுமா? உடம்பில் ஒன்றும் மாட்டாமல் நின்றால் ‘ஆர்மர் கிளாஸ்’ பத்து என்று காட்டும். தோல் சட்டை போட்டால் எட்டு. சங்கிலிச் சட்டை போட்டால் ஐந்து. தகட்டுக் கவசம் மூன்று. தமிழ் மீடியம் பையன்கள் நாலு பேர் இதை எப்படிப் படிப்போம்? பத்துக்கு மூன்று வாங்கினால் வீட்டில் என்ன நடக்கும்? ஆகவே கிடைத்த கவசத்தையெல்லாம் கடையில் விற்றோம். ஒன்றரை மாதம் எங்கள் ஆறு பேரும் வெறும் மேலோடு சண்டைக்குப் போனார்கள். பை நிறையப் பொற்காசு, நாலடிக்கு ஒரு சாவு. கடைசியில் கீழக்கரைக்காரன்தான், “சாகுறதுதான் சாகுறான், பார்க்க லட்சணமா சாகட்டும்டா” என்று ஒருவனுக்குச் சங்கிலிச் சட்டையை மாட்டினான். அன்று அவன் சாகவில்லை. மறுநாளும் சாகவில்லை. மூன்றாம் நாள்தான் எங்களுக்குப் புத்தி வந்தது: எண் குறையக் குறையக் கவசம் பலம்.

இந்தக் கணக்கு வந்த வழி பின்னால்தான் தெரிந்தது. 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்று மேசைமேல் பகடை உருட்டி ஆடும் விளையாட்டை வெளியிட்டார்கள். பால்டர்ஸ் கேட் அதன் இரண்டாம் பதிப்பு விதிகளைத் தழுவிக் கம்ப்யூட்டரில் ஏற்றியது. ஆர்மர் கிளாஸையும் உயிர்ப்புள்ளியையும் தான் முன்பு செய்த இரும்புக் கப்பல் சண்டை விளையாட்டிலிருந்து எடுத்ததாக ஆர்ன்சனே சொல்லியிருக்கிறார். கப்பல் கணக்கு நம் கடற்கரைப் பையன்களையே கவிழ்த்துவிட்டது, பாருங்கள். 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில் இதைத் தலைகீழாகத் திருப்பி, எண் ஏறினால் பலம் என்று ஆக்கிவிட்டார்கள். எங்களைப் போல வெறும் மேலோடு போனவர்கள் ஊருக்கு ஊர் இருந்திருப்பார்கள் போல.

ஆங்கிலமும் இதே லட்சணம்தான். கையில் லிப்கோ அகராதி. ஒரு பத்தி படிக்க ஐந்து நிமிடம். மணிக்கு இருபது ரூபாயில் ஐந்து நிமிடம் சும்மா வராது. பாதிக்கு மேல் ஊகம். கதை தொடங்கிய ராத்திரியே வளர்ப்புத் தந்தை கோரியன் வெட்டுப்பட்டுச் சாகிறார் இல்லையா? அவர் செத்ததுபோல நடிக்கிறார், கடைசியில் வருவார் என்று நாங்கள் முடிவுகட்டிவிட்டோம். அதை வைத்து மூன்று மாதம் ஆடினோம். எந்த ஆள் முக்காடு போட்டுக்கொண்டு வந்தாலும், “டேய், இவருதாண்டா” என்போம்.

அப்புறம் அந்தப் பாலம். விளையாட்டின் பெயரே ஒரு நகரத்தின் பெயர். அந்த நகரம் வருவதோ ரொம்பப் பிந்தி. வைர்ம்ஸ் க்ராஸிங் என்று நீளப் பாலம் ஒன்றைக் கடந்து போக வேண்டும். எங்கள் சிடி ஒன்றில் கீறல். பாலத்தின் அந்த முனையில் கால் வைத்தால் படம் உறைந்துவிடும். பேஸ்ட் தடவித் துடைத்தோம், வாழைப்பழத் தோலால் தேய்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. பாம்பன் பழைய ரயில் பாலத்தில் அப்போதெல்லாம் காற்று மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் சிக்னல் விழாது. ஆனால் ராமேசுவரம் வண்டிக்குக் காற்று அடங்கினால் வழி திறக்கும், எங்களுக்குத் திறக்கவே இல்லை.

கரண்ட்டு போன நேரங்களில் கீழக்கரைக்காரன் அந்த நகரத்தை எங்களுக்குச் சொல்லுவான். உள்ளே ஒரு நீர்வழி இருக்கும், சின்னப் படகில் கடக்கலாம். ஒரு தெரு முழுக்கத் தங்கக் கடை. வாப்பா லீவில் வந்து சொன்ன துபாயைத்தான் அவன் அங்கே இறக்கிக்கொண்டிருந்தான் என்று அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை.

2012-ல் மெருகேற்றிய பதிப்பு வந்தது. ஒரு ராத்திரி நான் தனியாகப் பாலத்தைத் தாண்டினேன். நகரம் நன்றாகவே இருந்தது, குறை சொல்ல முடியாது. வீடு வீடாக நுழையலாம், அலமாரியைத் திறக்கலாம். தங்கக் கடைத்தெருதான் இல்லை.

அதனால்தான் அரை மணி நேரத்தில் உங்களுக்கு அலுத்துவிட்டது என்கிறேன். வயதானதால் அல்ல. இப்போது உங்களுக்கு எல்லாம் புரிகிறது. அந்தத் தட்டுகளில் இருந்தது பாதிதான். புரியாத பாதியை நாம் போட்டு நிரப்பினோம். அந்தப் பாதியை எந்தக் கடையிலும் தள்ளுபடியில் போடமாட்டார்கள்.

அப்படியானால் விளையாட்டில் சரக்கே இல்லையா? உண்டு. மாரோவிண்டை எடுத்துக்கொள்ளுங்கள், 2002. போகும் இடத்தைக் காட்டும் அம்புக்குறி அதில் கிடையாது. ஒருத்தன் வாயால் வழி சொல்வான்: ஆற்றோடு தெற்கே போ, பாலம் தாண்டு, பாறை பிரியும் இடத்தில் இடப்பக்கம் திரும்பு. சில சமயம் தப்பாகவும் சொல்வான். நாம் ஒவ்வொரு பாறையையும் பார்த்துப் பார்த்துப் போக வேண்டும். 2006-ல் அதே கம்பெனியின் ‘ஒப்ளிவியன்’ வந்தபோது திரையின் அடியில் திசைகாட்டியும் அம்புக்குறியும் முளைத்துவிட்டன. அதன்பின் நான் பாறையைப் பார்க்கவில்லை, அம்பைத்தான் பார்த்தேன்.

ஜிபிஎஸ் வருவதற்கு முன் கடலில் இடம் பிடித்தது எப்படி என்று உங்கள் அப்பாவிடம் கேட்டுப்பாருங்கள். கரையில் கோபுரமும் ஒரு பனைக்கூட்டமும் ஒன்றன்பின் ஒன்றாக வரும் நேரைப் பிடித்து வைத்திருப்பார்கள். கேட்டால் ரசித்துச் சொல்வார். ஆனால் ஜிபிஎஸ்ஸைக் கழற்றிவிட்டுப் போகிறீர்களா என்று கேட்டால் அடிக்க வருவார். 1974-லும் 1976-லும் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் போட்டுக் கடலில் கோடு கிழித்துவிட்டார்கள். தெரியாமல் தாண்டினாலும் ஆள் ஜெயிலில், படகு அக்கரையில். கடலில் வழி தவறுவதற்கு விலை உண்டு. விளையாட்டில் வழி தவறினால் நஷ்டம் ஒன்றுமில்லை, அங்கே போய் எதற்கு ஜிபிஎஸ்? இது ஒன்றில் மட்டும் பழையவை மேல் என்று சத்தியம் செய்வேன்.

பழைய ருசி வேண்டுமென்றால் நீங்கள் அன்று ஆடாத ஒன்றை எடுங்கள். 1999-ல் வந்த ‘பிளேன்ஸ்கேப் டார்மெண்ட்’. பிணவறையில் கண்விழிக்கும் ஒருவன், தான் யார் என்று அவனுக்கே தெரியாது, செத்தாலும் சாகமாட்டான். சண்டையைவிட வாசிப்புத்தான் அதிகம். அன்று நம் கையில் கிடைத்திருந்தால் லிப்கோ கிழிந்திருக்கும். இணையத்தில் விடை தேடாமல் ஆடுங்கள்.

பால்டர்ஸ் கேட்டை அழித்துவிடாதீர்கள். மருமகனை உட்காரவைத்து மவுஸை அவன் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் நில்லுங்கள். அவன் ஆடும் மூன்றாம் பாகத்தில் ஆர்மர் கிளாஸ் ஏறினால்தான் பலம். சங்கிலிச் சட்டையை மாட்டிப் பார்ப்பான், எண் இறங்கும், கழற்றி விற்கப் போவான். வாயைத் திறந்துவிடாதீர்கள்.

அன்புடன்,
அண்ணன்