அண்டனானரிவோவில் நான்கு நாள் – கடிதம்

வணக்கம்.

வரும் செப்டம்பரில் மொரிஷியஸிலிருந்து மடகாஸ்கர் போகிறோம். நான், மனைவி, பத்து வயது மகள், எழுபதை நெருங்கும் அம்மா. தலைநகர் அண்டனானரிவோவில் முழுதாக நான்கு நாள் கிடைக்கும். ஐந்தாம் நாள் காலை விமானம். விடுதிக்காரர் ஒரு திட்டம் அனுப்பியிருக்கிறார்: முதல் நாள் நகரம், இரண்டாம் நாள் அம்புஹிமங்கா அரண்மனைக் குன்றும் லெமூர் (குரங்கு போன்ற மடகாஸ்கர் விலங்கு) பூங்காவும், மூன்றாம் நாள் அந்த்சிராபே போய்த் திரும்புவது, நான்காம் நாள் அந்தாசிபே காட்டுக்குப் போய்த் திரும்புவது. வரைபடத்தில் எல்லாமே நூற்றெழுபது கிலோமீட்டருக்குள்தான். இது சரிப்படுமா? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. நாங்கள் சைவம்.

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

அந்த்சிராபேயை விட்டுவிடுங்கள். லெமூர் பூங்காவையும் விடலாம். மிச்சமாகும் நேரத்தில் அந்தாசிபேயில் ஓர் இரவு தங்குங்கள். அம்புஹிமங்காவைக் கடைசி நாளுக்குத் தள்ளுங்கள். காரணங்களைச் சொல்கிறேன்.

அந்த ஊரில் தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்கிட்டால் ஏமாந்துபோவீர்கள். நகரம் மலைமுதுகுகள் மேலும் அவற்றுக்கிடையே உள்ள வயல்வெளிகளிலும் பரந்திருக்கிறது. வண்டிகள் போக இருப்பவை ஒரு சில குறுகிய சாலைகள்தான். காலை ஏழு மணிக்கு மேல் அவை அடைத்துக்கொள்ளும், மாலையில் இன்னும் மோசம். ஆகவே ஒரு நாளைக்கு ஒரு திசை, புறப்பாடு ஆறு மணிக்கு. அம்புஹிமங்கா வடகிழக்கில் இருக்கிறது. லெமூர் பூங்கா மேற்கே, முதலாம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இருபத்திரண்டு கிலோமீட்டரில். இரண்டையும் ஒரே நாளில் கோத்தால் நண்பகலில் நகரத்தின் நடுவே ஊர்ந்து கடக்க வேண்டிவரும். காட்டிலேயே லெமூரைப் பார்க்கப்போகும் குழந்தைக்கு அந்தப் பூங்கா தேவையுமில்லை. அந்த்சிராபே தெற்கே ஏறத்தாழ நூற்றெழுபது கிலோமீட்டர். போக வர ஒரு பகல் முழுவதும் காரிலேயே தீர்ந்துவிடும். அது தங்கிப் பார்க்க வேண்டிய ஊர்.

அந்தாசிபேக்கு ஏன் இரவுத் தங்கல்? அங்கே போவதே இந்த்ரி லெமூருக்காகத்தான். இன்றிருக்கும் லெமூர்களில் மிகப் பெரியது அது. கறுப்பு வெள்ளை உடல், வால் இல்லை என்றே சொல்லலாம். உலகில் எந்த உயிரியல் பூங்காவிலும் அது இல்லை, அடைத்து வளர்க்கும் முயற்சிகள் எல்லாம் தோற்றுவிட்டன. குடும்பம் குடும்பமாகச் சேர்ந்து அது எழுப்பும் குரல் காட்டுக்குள் இரண்டு கிலோமீட்டர் வரை கேட்கும். அந்தக் குரல் பெரும்பாலும் காலை ஏழு மணியிலிருந்து பதினொன்றுக்குள். அதன்பின் மர உச்சியில் அசையாமல் உட்கார்ந்துவிடும்.

இப்போது விடுதிக்காரரின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஒன்பதரை, பத்துக்குச் சேர்வீர்கள். நுழைவுச்சீட்டு வாங்கி, வழிகாட்டியைப் பிடித்துக் காட்டுக்குள் கால் வைக்கும்போது பத்தரை தாண்டிவிடும். இருட்டுமுன் தலைநகர் சேர ஒரு மணிக்கே திரும்பியாக வேண்டும். ஒன்பது பத்து மணி நேரம் காரில் குலுங்கி, சத்தம் ஓய்ந்த காட்டில் இரண்டு மணி நேரம்.

அந்தச் சாலையைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். துவாமசினா துறைமுகத்தில் இறங்கும் சரக்கும் எரிபொருளும் அந்த இரண்டாம் எண் நெடுஞ்சாலை வழியாகத்தான் தலைநகருக்கு ஏறி வருகின்றன. பாரம் ஏற்றிய லாரிகள் வளைவுகளில் நடை வேகத்தில் ஏறும், முந்த இடம் கிடைக்காது. ஒரு லாரி கவிழ்ந்தால் மணிக்கணக்கில் எல்லாம் நின்றுவிடும். விமானத்துக்கு முந்தைய நாளில் அந்தாசிபேயை வைக்கக் கூடாது என்பது இதனால்தான். இரண்டாம் நாள் காலை போங்கள், மூன்றாம் நாள் திரும்புங்கள். சாலை ஏமாற்றினாலும் கையில் ஒரு நாள் இருக்கும். வளைவுகள் அதிகம், எனவே வாந்தி வரும் பழக்கமுள்ளவர்கள் கிளம்புவதற்கு அரைமணி நேரம் முன்பே மாத்திரை போட்டுக்கொள்ளட்டும்.

போய்ச் சேர்ந்த அன்று இரவு, டார்ச் வெளிச்சத்தில் சாலையோரமாகவோ மிட்சிஞ்சு என்ற உள்ளூர்க் காட்டுப் பாதுகாப்புச் சங்கத்தின் காட்டிலோ இரவு நடை போகலாம். இருட்டிய பின் தேசியப் பூங்காவுக்குள் விடமாட்டார்கள். சுண்டெலி லெமூர்களும் பச்சோந்திகளும் விளக்கொளியில் எளிதாகத் தென்படும். மறுநாள் ஏழு மணிக்கு அந்தத் தேசியப் பூங்காவின் அனலமசௌத்ரா பகுதி வாசலில் இருங்கள். வழிகாட்டி கட்டாயம். அவருக்கான கட்டணம் நுழைவுச்சீட்டில் சேராது. எந்தச் சுற்று, எத்தனை மணி நேரம் என்பதைப் பொறுத்துக் குழுவுக்கு இவ்வளவு என்று இருக்கும். பாதையில் படிகளும் வழுக்கும் வேர்களும் உண்டு. "அம்மாவுக்கு முழங்கால் வலி, மிகச் சிறிய சுற்று போதும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அம்மா உள்ளே வராமல் வாசலருகே உட்கார்ந்திருந்தாலும் அந்தக் குரல் அவர் காதுக்கு வந்து சேரும்.

முதல் நாள் நகரத்தில் ஒரே ஒரு விதி: மேலே காரில் போங்கள், கீழே நடந்து வாருங்கள். பலர் கீழே அனலாகேலி சந்தைப் பகுதியில் தொடங்கிப் படிகளில் ஏறுகிறார்கள். கடல் மட்டத்துக்கு மேல் ஆயிரத்து இருநூறு மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கும் ஊர் அது. அரண்மனைக் குன்று அதிலிருந்தும் இருநூறு மீட்டர் உயர்ந்தது. பாதி ஏறுவதற்குள் மூச்சு வாங்கிவிடும். டாக்சியில் நேரே ரூவா அரண்மனை வாசலுக்குப் போய்விடுங்கள். முதலாம் ரனவலூனா அரசிக்காக ழான் லபோர்த் என்ற பிரெஞ்சுக்காரர் மரத்தில் கட்டிய மாளிகை அது. பிறகு ஜேம்ஸ் கேமரன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அதைச் சுற்றிக் கல்லால் போர்த்தினார். 1995 நவம்பர் 6 இரவு தீப்பிடித்ததில் உள்ளிருந்த மரம் முழுவதும் எரிந்து கல் கூடு மட்டும் நின்றது. தீயிலிருந்து மீட்டவற்றைச் சற்றுக் கீழே அந்தாஃபியாவாரத்ரா மாளிகையில் வைத்தார்கள். மூன்று அரசிகளை ஒருவர் பின் ஒருவராக மணந்து, முப்பதாண்டு நாட்டை நடத்திய பிரதமர் ரைனிலையரிவூனியின் வீடு அது.

அங்கிருந்து இறங்கினால் அந்துஹாலு சதுக்கம். அரசர்களின் ஆணைகளை மக்களுக்கு அறிவித்த இடம். அம்மா இதுவரை நடந்தால் போதும், இங்கே டாக்சி பிடித்துக்கொள்ளலாம். மற்றவர்கள் அந்தானினாரேனினா பகுதி வழியாகப் படிகளில் அனலாகேலி சந்தைக்கு இறங்குங்கள். படிகளிலும் சந்தையிலும் ஜேப்படி அதிகம். பையை முன்னால் மாட்டுங்கள், போனைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள். செப்டம்பரில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டும். இருட்டிய பின் பக்கத்துத் தெருவானாலும் டாக்சிதான்.

டாக்சிகளுக்கு மீட்டர் கிடையாது. ஏறுமுன் விலை பேசுங்கள். பழைய வெளிர்மஞ்சள் ரெனோவோ சித்ரோவனோ வரும். ஏறியதும் முதலில் பெட்ரோல் போட நிறுத்தினால் பதற வேண்டாம், அது அங்கே வழக்கம். விலையில் ஒரு பொறி இருக்கிறது. 2005 முதல் நாணயம் அரியாரி என்றாலும் பழைய ஃபிராங்கில் விலை சொல்பவர்கள் இன்னும் உண்டு. ஐந்து ஃபிராங்க் ஓர் அரியாரி. ஐம்பதாயிரம் என்று காதில் விழுந்தது உண்மையில் பத்தாயிரமாக இருக்கலாம். "அரியாரியா?" என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள். சில்லறை நோட்டுகளை எப்போதும் வைத்திருங்கள்.

நான்காம் நாள் அம்புஹிமங்கா. இதற்கு அரைநாள் முழுதாகக் கொடுங்கள். சனிக்கிழமை மட்டும் வேண்டாம், வழியில் சபூட்சி நமெஹனாவில் சந்தை நாள். 2001இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த குன்று இது. ஊர்வாசலில் நாலரை மீட்டர் விட்டமுள்ள வட்டக் கல் சாய்ந்து நிற்கும். அந்தி சாயும்போது ஆட்கள் கூடி அதை உருட்டி வாசலை அடைப்பார்களாம். உள்ளே அரண்மனைச் சுற்றுச்சுவர், சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவைக் குழைத்துப் பூசியது.

நின்று பார்க்க வேண்டியது மஹந்த்ரிஹூனு, அந்திரியனம்புய்னிமெரினா அரசரின் வீடு. மேட்டுநிலத்தை ஒன்றுபடுத்திய மனிதர் வாழ்ந்தது ஒற்றை அறையில்! புகைபோக்கி கிடையாது. சுவரெல்லாம் அடுப்புக்கரி படிந்திருக்கும். நடுத்தூண் பத்து மீட்டர் உயரம், ஒரே மரம், கிழக்குக் காட்டிலிருந்து ஆட்கள் தூக்கி வந்தது. கட்டில் வடகிழக்கு மூலையில், அது முன்னோருக்குரிய மூலை. வெளியாள் வந்தால் அரசர் கூரையடியில் ஏறி ஒளிந்துகொள்வார், வந்தவரை வரவேற்கலாமா என்பதைக் கூழாங்கல் போட்டு மனைவிக்குத் தெரிவிப்பார் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். வலது காலை வைத்து உள்ளே போங்கள், வெளியே வரும்போது பின்பக்கமாக நடந்து வாருங்கள். கல்லறைகளை விரல் நீட்டிக் காட்டக் கூடாது, விரலை மடக்கிக் காட்டலாம். பன்றி இறைச்சி அந்த இடத்துக்கே ஆகாது, ஓட்டுநரின் சாப்பாட்டுப் பொதியிலும் இருக்கக் கூடாது. மக்கள் இன்றும் தேனும் ரம்மும் கொண்டுவந்து வேண்டிக்கொள்ளும் இடம் அது. 1897இல் பிரெஞ்சுத் தளபதி கல்யேனி அரச உடல்களை இங்கிருந்து தலைநகருக்கு மாற்றியும் அந்த வழிபாடு அறுபடவில்லை. யாராவது வேண்டிக்கொண்டிருந்தால் கேமராவை இறக்கிவிடுங்கள்.

சாப்பாடு: மூன்று வேளையும் சோறு கிடைக்கும், சிக்கல் கூட்டில்தான். கீரையை மாட்டிறைச்சியோடும் பயறைப் பன்றியோடும் வேகவைப்பது வழக்கம். சம்போசாவுக்குள் (நம் சமோசாதான்) பெரும்பாலும் கறி. "சி மிஹினானா ஹேனா ஆஹு" என்று சொல்லுங்கள், இறைச்சி சாப்பிடமாட்டேன் என்று புரிந்துகொள்வார்கள். காலையில் தெருவோரம் குழிச்சட்டியில் சுடும் மூஃபு காஸி அசல் நம் இனிப்புப் பணியாரம்தான், அரிசி மாவும் சர்க்கரையும். மகள் விரும்புவாள். அந்தாசிபேக்குப் பழமும் ரொட்டியும் கையோடு கொண்டுபோங்கள்.

கார் பேசும்போது எரிபொருளும் ஓட்டுநரின் இரவுத் தங்கலும் விலையில் சேர்ந்ததா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் எரிபொருள் தனி. எல்லோருக்கும் ஒரு ஸ்வெட்டர் வேண்டும், செப்டம்பர் விடியற்காலை குளிரும். ஐந்தாம் நாள் விமானத்துக்கு இவாத்து நிலையம் அருகில்தான் என்று விடுதியில் சொல்வார்கள். காலை நெரிசல் நேரமானால் இரண்டு மணி நேரம் சாலைக்கே ஒதுக்குங்கள். ஆறு மணிக்கு முன் கிளம்ப முடிந்தால் முக்கால் மணி போதும்.